மொத்தத் தரவேற்றமும் சேவைநோக்குக் கட்டமைப்பும்

கணினி நம்மவரிடையே புகுந்த நாள்தொட்டு அதன் வேகமே பெரிதும் வியந்து பேசப்படுகின்றது. வேகத்தினும் வியத்தற்குரியது கணினிகள் தம்முள் உரையாடும் ஒழுங்காகும். ஒரு பெரிய வங்கியிலோ வாணிகத் தாபனத்திலோ இன்று ஒரு மென்பொருள் தனித்துநின்று தொழில் செய்வதில்லை. நூற்றுக்கணக்கான மென்பொருட்கள் ஒன்றையொன்று வினவியும் ஒன்றுக்கொன்று விடையிறுத்துமே நாள்தோறும் கருமம் ஆற்றுகின்றன. அவ்வொழுங்குகளுட் பெருவழக்காயுள்ளது சேவைநோக்குக் கட்டமைப்பு. அதனுள் எளிதில் அடங்காது நெடுங்காலமாக இடர் விளைத்து வருவது மொத்தத் தரவேற்றம். இவ்விரண்டும் எவ்வாறு ஒருங்கு பொருந்தும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். கணினித்துறை கற்பார் மட்டுமன்றிப் பிறரும் இதனை அறிதல் நன்று. ஏனெனில் நமது வங்கிக் கணக்கும் மருத்துவக் குறிப்பும் இவை இரண்டிற்கும் இடையே எழும் பிணக்கிற்கு நம்மை அறியாமலே ஆட்படுகின்றன.

சேவை என்பது ஈண்டு ஒரு கலைச்சொல். அதன் பொருளை அஞ்சலகத்தை வைத்து உணர்தல் எளிது. அஞ்சலகத்திற்குச் செல்லும் ஒருவர் கருமபீடத்தின் முன்னின்று தமக்கு வேண்டியதைக் கூறுகின்றார். முத்திரை, காசுக்கட்டளை, பதிவுத்தபால் என ஒவ்வொன்றிற்கும் வகுத்த படிவமும் முறையும் உள. உள்ளே பேரேடு எவ்வாறு எழுதப்படுகின்றது, பணப்பெட்டி எங்கே வைக்கப்பட்டுள்ளது என்பன அவர் அறியவேண்டாதவை. அஞ்சலதிபர் நாளைக்கே பேரேட்டின் அமைப்பை முற்றாக மாற்றினும் கருமபீடத்தின் முன் நிற்பவருக்கு யாதொரு வேறுபாடும் தோன்றாது. அவ்வண்ணமே வாடிக்கையாளர் பெயர்ப்பதிவைக் காப்பது ஒரு மென்பொருள்; பண்டங்களின் இருப்பைக் காப்பது மற்றொன்று; பற்றுவரவைக் காப்பது பிறிதொன்று. ஒவ்வொன்றும் தன் தரவுத்தளத்திற்குத் தானே உரிமையுடையது. பிறர் எவராயினும் அது வெளியிட்டுள்ள இடைமுகத்தின் வாயிலாகவே கேட்டுப்பெறல் வேண்டும்; உட்புகுந்து பேரேட்டைத் தொடலாகாது.

இக்கருத்து 1996 ஆம் ஆண்டில் கார்ட்னர் என்னும் ஆய்வுத் தாபனத்தாரின் அறிக்கைகளிற் பெயர்பெற்று வழங்கலாயிற்று. 2000 ஆம் ஆண்டில் சோப் என்னும் செய்தி நெறி உலகளாவிய வலைக் கூட்டமைப்பின் முன் வைக்கப்பட்டபின் அது பரவிய வேகம் பெரிது. அமேசன் தாபனத்தில் அக்காலத்தையொட்டி எல்லாப் பிரிவினரும் தத்தம் தரவைச் சேவை இடைமுகங்களின் வழியே மட்டும் பிறர்க்கு வழங்குக என்றும், பிறரது தரவுத்தளத்தை நேரே வாசிக்கும் பின்வாயில் ஒன்றும் இருத்தலாகாது என்றும் கண்டிப்பான ஆணை பிறந்ததாக, அங்கே முன்னர்ப் பணியாற்றிய ஸ்டீவ் யெகி என்பார் 2011 இல் எழுதினார். அவ்வெழுத்தைப் படித்த பின்னரே பின்வாயில் அடைத்தலைப் பல தாபனங்கள் ஒரு விரதம்போற் கைக்கொண்டன எனலாம்.

விரதம் நன்றே. ஆயினும் முன்வாயில் ஒருவர் நுழையும் அளவினது; வண்டி வந்து நிற்கும்போது யாது செய்வது?

ஒரு வங்கி மற்றொன்றை வாங்குகின்றது. வாங்கப்பட்டதன் வாடிக்கையாளர் அனைவரும் ஒருநாளிற் புதிய ஏட்டில் ஏறவேண்டும். ஒரு தொழிற்சாலை மாத இறுதியில் ஊழியர் அனைவரது சம்பளத்தையும் ஒரே கோப்பாக அனுப்புகின்றது. ஒரு வழங்குநர் தம் பண்டங்களின் விலைப்பட்டியல் முழுவதையும் ஓரிரவில் மாற்றுகின்றார். இவையெல்லாம் மொத்தத் தரவேற்றம் எனப்படும். இவற்றைச் சேவையின் முன்வாயிலால் ஒவ்வொன்றாக அனுப்பினால் நிகழ்வதைக் கணக்கிட்டே பார்க்கலாம். ஒரு பதிவைச் சேவை ஏற்று விடைகூற ஒரு செக்கனில் இருபதில் ஒரு பங்கு, அஃதாவது 0.05 செக்கன், செல்லும் எனக் கொள்வோம். இது மிக நல்ல வேகமே. பதிவுகள் 1 கோடியாயின் 5 இலட்சம் செக்கன் வேண்டும். அது 5 நாளும் ஏறக்குறைய 19 மணியும் ஆகும். வங்கியொன்று கதவடைத்திருக்கும் காலமோ சனி ஞாயிறு இரண்டு நாளே. இருபது கருமபீடங்களை ஒருங்கே திறந்து இதனை ஏழு மணியளவிற் குறைக்கலாமன்றோ என்பார் உளர். குறைக்கலாம், ஆயின் அவ்வேழு மணியும் இருபது கருமபீடங்களும் வண்டிக்காரனுக்கே உரியன. முத்திரை ஒன்று வாங்க வந்த முதியவர் வாயிலில் நின்றுகொண்டேயிருப்பார்.

இத்துணைக் காலம் ஏன் செல்கின்றது என்பது சற்று விரித்து நோக்கத்தக்கது. பதிவு ஒன்றினுள் இருக்கும் உண்மையான தரவு ஓரிரு நூறு எழுத்துக்களே. அதனை அனுப்பத் தொடர்பு ஒன்று வேண்டும். அனுப்புபவர் யாரெனச் சோதித்தல் வேண்டும். சோப் நெறியாயின் எக்ஸ்.எம்.எல். என்னும் குறிமொழியில் உறையிட்டு அனுப்பவும் வேண்டும். அவ்வுறை சிலபோது உள்ளிருக்கும் கடிதத்தினும் கனமானது. பெறுபவர் அதனைப் பிரித்துப் படித்து, விதிகளை நோக்கி, தரவுத்தளத்தில் எழுதி, எழுதியது அழியாவண்ணம் வட்டிற் பதிந்ததென உறுதிசெய்த பின்னரே விடையிறுப்பார். இவ்வுறுதிப்பாடே பெருஞ்செலவு. அன்றியும் ஒவ்வொரு பதிவும் ஏறுந்தோறும் தரவுத்தளத்தின் சுட்டு அட்டவணைகள் அனைத்தும் திருத்தப்படல் வேண்டும். ஒரு நூலுக்கு ஒவ்வொரு சொல்லும் எழுதியவுடன் பின்னிணைப்பு அகராதியையும் திருத்துபவரின் நிலை இது. நூல் முழுவதையும் எழுதி முடித்து அகராதியை ஒருமுறை தொகுப்பவர் எத்துணை விரைவில் முடிப்பார் என்பது வெளிப்படை.

தரவுத்தளங்களை ஆக்கியோர் இதனை அறியாதவரல்லர். போஸ்ட்கிறெஸ் என்னும் தரவுத்தளத்தின் கைந்நூல், பெருந்தொகையான பதிவுகளை ஏற்றுவார் கொப்பி என்னும் கட்டளையைக் கையாளுமாறும், சுட்டு அட்டவணைகளை ஏற்றத்தின் பின் அமைக்குமாறும், அயற்சுட்டுக் காவல்களைத் தற்காலிகமாக நீக்குதலை எண்ணிப்பார்க்குமாறும் கூறுகின்றது. ஒராக்கிள் தரவுத்தளத்திலோ நேர்வழி ஏற்றம் என ஒன்றுண்டு. அது வழமையான எழுதுமுறையை விடுத்து, வட்டின் பகுதிகளைத் தானே நிரப்பி அட்டவணையின் இறுதியில் இணைத்துவிடும். அதன் வேகம் பெரிது. ஆயின் அவ்வேற்றம் நிகழும்போது, பதிவு ஏறுந்தோறும் தாமே இயங்கவேண்டிய உட்கட்டளைகள் உறங்கும். ஓர் அட்டவணையிலுள்ள பதிவு மற்றோர் அட்டவணையிலுள்ளதைச் சுட்டுமிடத்து அஃது அங்கே உண்மையில் உளதா என நோக்கும் காவலும் நிறுத்தப்படும். ஆக, இவ்வேகத்தில் ஒரு பங்கு காவலைக் களைந்து பெற்றதே.

தரவுத்தளத்தின் காவலாவது பின்னர் மீட்டும் நிறுத்தப்படலாம். அங்கே என்றும் இல்லாத காவல்கள் வேறு உள. பதினெட்டு வயதுக்குட்பட்டார்க்குக் கடனட்டை வழங்கலாகாது, முடக்கப்பட்ட கணக்கிற் பற்று எழுதலாகாது என்பன போன்ற விதிகள் பெரும்பாலும் சேவை மென்பொருளினுள்ளேயே வாழ்கின்றன. பின்வாயிலால் உட்புகுந்த பதிவு இவற்றுள் ஒன்றையும் சந்திப்பதில்லை. அப்பதிவு பிழையாயின் அப்பிழை அன்று தோன்றாது. மாதங்கள் கழித்து, யாரோ ஒருவர் தம் கணக்கைத் திறக்கும்போதே தோன்றும். அப்போது அதனை ஏற்றியவர் வேறு தொழிலுக்குப் போயிருப்பார்.

ஆகவே இத்துறையாரிடையே இரு கட்சிகள் எழுந்தன. சேவையின் தூய்மை பேணுவார், எத்தனை கோடியாயினும் முன்வாயிலாலேயே ஒவ்வொன்றாக வருக என்பர். காரியம் முடிப்பார், இரவோடிரவாகத் தரவுத்தளத்திற் கொட்டிவிடுக என்பர். முதற்கட்சியார் காலத்தை மறந்தனர். மற்றையோர் உரிமையை மறந்தனர். இவ்விரு கட்சியாரிடத்தும் ஒரு பொது மயக்கம் உண்டு. சேவை என்றால் ஒரு முறைக்கு ஒரு பதிவு என்றே இருவரும் எண்ணுகின்றனர். சேவையின் இலக்கணம் அஃதன்று. தரவுக்கு உரியவர் தாமே வகுத்த வாயிலால் அதனைப் பெறுதலே அதன் இலக்கணம். அவ்வாயில் ஆள் நுழையும் வாயிலாகவும் இருக்கலாம். வண்டி நுழையும் வாயிலாகவும் இருக்கலாம். அஞ்சலகத்தார் மூட்டைத் தபாலுக்குப் பிறிதொரு கதவு வைத்துள்ளனர். அக்கதவிலும் நிற்பவர் அஞ்சலக ஊழியரே என்பது கருதத்தக்கது.

இவ்வாயிலின் அமைப்பு வருமாறு: செய்தி ஒரு வழியாற் செல்லும், சரக்கு மற்றொரு வழியாற் செல்லும். ஏற்ற விரும்புவார் முதலில் ஒரு சிறு செய்தியால் தம் கருத்தை அறிவித்து ஒரு பணியெண் பெறுவர். பின்னர்த் தரவு முழுவதையும், உறைகளின்றி, வரிக்கொரு பதிவாகக் காற்புள்ளியாற் பிரித்தெழுதிய ஒரு கோப்பில் இட்டுக் குறித்த களஞ்சியத்தில் வைப்பர். சேவைக்குச் செல்லும் செய்தி அக்கோப்பைச் சுமந்து செல்லாது. அஃது இருக்குமிடத்தை மட்டும் கூறும். புகையிரத நிலையத்திற் பொதிகளை ஒப்படைத்து வில்லையை மட்டும் கையிற் கொண்டு செல்வாரை இஃது ஒக்கும். கிரெகர் ஹோப், பொபி வூல்வ் என்னும் இருவர் 2003 இல் வெளியிட்ட நூலில் இவ்வமைப்பிற்கு அப்பொதிவில்லையின் பெயரையே இட்டனர்.

சேவை உடனே கூறும் விடை, முடிந்தது என்பதன்று, பெற்றுக்கொண்டேன் என்பதே. வலையின் மொழியில் இதற்கு 202 என ஓர் எண்ணும் உண்டு. அனுப்பினவர் அதன்பின் அவ்வப்போது பணியெண்ணைக் காட்டி நிலையை வினவுவர், அல்லது முடிந்ததும் தமக்கு அறிவிக்குமாறு ஓர் முகவரி கொடுத்துச் செல்வர். மருத்துவக் குறிப்புக்களைப் பெருந்தொகையாக வெளியே எடுத்தற்கு வகுக்கப்பட்ட நெறியிலும் இதே 202 வழங்குகின்றது.

சேல்ஸ்போர்ஸ் என்னும் தாபனத்தின் நடைமுறையை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அதன் சோப் இடைமுகத்தில் ஒரு முறைக்கு 200 பதிவுகளுக்கு மேல் எழுதுதல் இயலாது. மொத்த ஏற்றத்திற்கென அமைத்த வேறோர் இடைமுகத்திலோ பணியொன்றைத் தொடங்கி, 150 மெகாபைற்றுக்கு மேற்படாத கோப்பை ஏற்றி, ஏற்றம் முடிந்தது என அறிவித்து விலகிவிடலாம். சேவை அதனைத் தானே 10,000 பதிவுகள் கொண்ட தொகுதிகளாகப் பிரித்துத் தன் வசதிப்படி உட்கொள்ளும். இறுதியில் ஏறியவை, ஏறாதவை, தொடப்படாதவை என மூன்று பட்டியல்கள் கிடைக்கும். நான் இதனை எடுத்துக்கூறுவதன் காரணம் வேகமன்று. அவ்வழியால் வரும் பதிவுகளும் முன்வாயிலில் உள்ள அதே விதிகளாற் சோதிக்கப்படுகின்றன; உட்கட்டளைகள் 200, 200 பதிவுகளாக எடுத்து அவற்றின்மேல் இயங்குகின்றன. வண்டிவாயிலிலும் காவலர் நிற்கின்றார்.

ஆயின் காவல் நின்றால் வேகம் குறையாதோ எனின், ஒரோவழிக் குறையும். அதனை ஈடுசெய்யும் வழி நம் உழவர் அறிந்ததே. அறுத்த நெல்லை எவரும் நேரே பட்டறையிற் சேர்ப்பதில்லை. களத்திற் கொட்டித் தூற்றிப் பதர்நீக்கிய பின்னரே சேர்ப்பர். சேவையும் தன் தரவுத்தளத்தின் ஒருபுறத்தே ஒரு களம் அமைத்தல் வேண்டும். அதற்குச் சுட்டு அட்டவணையும் காவலும் வேண்டா. கோப்பு முழுவதும் மின்னல் வேகத்தில் அங்கே கொட்டப்படும். பின்னர்ச் சோதனை பதிவு பதிவாக அன்றித் தொகுதியாக நிகழும். கிளையெண் இல்லாத பதிவுகள் யாவை என 1 கோடி முறை வினவுவதற்குப் பதிலாக ஒருமுறை வினவினால், தரவுத்தளம் இரு அட்டவணைகளையும் பொருத்திப் பதர் அனைத்தையும் ஒருங்கே காட்டும். எஞ்சிய மணிகளே உள்ளே செல்லும். கொப்பிக் கட்டளையோ நேர்வழி ஏற்றமோ இங்கே தாராளமாகக் கையாளப்படலாம். ஏனெனில் கையாள்பவர் தரவுக்கு உரியவரே, கையாளும் இடமும் களமே.

பதர் கண்டவிடத்து யாது செய்வது என்பதை முன்கூட்டியே உடன்படிக்கையில் எழுதல் வேண்டும். இதனைப் பலர் பொருட்படுத்துவதில்லை. முகவரிப் பட்டியலாயின் நல்லவற்றை ஏற்றுக்கொண்டு பிழையானவற்றைக் காரணத்தோடு திருப்பி அனுப்புதல் தகும். பற்றுவரவுப் பேரேடாயின் அது தகாது. ஒருபக்கம் ஏறி மறுபக்கம் ஏறாத பேரேடு பேரேடன்று. அங்கே ஏறினால் எல்லாம் ஏறல் வேண்டும். இன்றேல் ஒன்றும் ஏறலாகாது. மேலும், ஏற்றம் நடுவே அறுந்து அதே கோப்பு மீண்டும் அனுப்பப்படின், பணியெண்ணைக் கண்டு இது முன்வந்ததே எனச் சேவை அறிதல் வேண்டும். சம்பளம் இருமுறை செல்லின் பெற்றவர் எவரும் முறையிடமாட்டார். கணக்கியல் கற்பிப்போர் நன்கறிந்த கூட்டுத்தொகைச் சோதனையும் இங்கே இன்றியமையாதது. அனுப்பியவர் எண்ணிக்கையையும் மொத்தத் தொகையையும் தனியே எழுதி அனுப்புவர். பெற்றவர் தாம் ஏற்றியவற்றைக் கூட்டி அதனோடு ஒப்பிடுவர். கணினிக்கு முற்பட்ட இவ்வழக்கத்தை விஞ்சிய சோதனை இன்றுவரை தோன்றியதாக எனக்குத் தெரியவில்லை.

இன்னும் நுட்பமானது ஒன்று உண்டு. சேவைகள் வினாவுக்கு விடைகூறுவதோடு நில்லாது, தம்பால் நிகழ்ந்தவற்றைப் பிறர்க்கு அறிவிக்கவும் செய்கின்றன. புதிய வாடிக்கையாளர் ஒருவர் சேர்ந்தார் என்னும் அறிவிப்பு எழுந்தவுடன் ஒரு சேவை அவருக்கு வரவேற்புக் கடிதம் அனுப்பும். மற்றொன்று அட்டை அச்சிடும். வேறொன்று அவரைப்பற்றி விசாரணை தொடங்கும். மொத்த ஏற்றத்தின்போது இவ்வறிவிப்பு 1 கோடி முறை எழுமாயின், முப்பது ஆண்டு உறவுடைய வாடிக்கையாளர்க்கும் தங்கள் வரவு நல்வரவாகுக என்னும் கடிதம் செல்லும். அஞ்சி அறிவிப்பை முற்றாக நிறுத்தினாலோ ஏனைய சேவைகள் இவர்களை ஒருபோதும் அறியா. ஆகவே நிகழ்ந்த செய்தி வேறு, பதிவேறிய வரலாறு வேறு எனச் சேவைகள் பகுத்தறிய வேண்டும். இவர் இன்று சேர்ந்தார் என்பது ஒருவகை அறிவிப்பு. முன்பே உள்ள இவர் இன்று இவ்வேட்டிற்கு வந்தார் என்பது மற்றொன்று. பின்னதைக் கேட்டு அட்டை அச்சிடல் வேண்டா. பெயரைக் குறித்துக்கொண்டாற் போதும். இப்பகுப்பைத் தொடக்கத்திலேயே வகுக்காத தாபனங்கள், ஏற்ற இரவில் எந்தச் சேவையின் வாயை எவ்வாறு பொத்துவது என்று தேடித் திரிய நேரும்.

ஏற்றம் முடிந்த பின்னரும் கவலை தீர்வதில்லை. தரவுத்தளம் தன் அட்டவணைகளின் பருமனையும் பரம்பலையும் பற்றி ஒரு மதிப்பீடு வைத்துக்கொண்டே விடைதேடும் வழியைத் தெரிகின்றது. ஓரிரவில் அட்டவணை பன்மடங்கு பெருத்தபின்னும் பழைய மதிப்பீட்டையே நம்பின், நேற்று நொடியில் விடைகூறிய சேவை இன்று திணறும். முன்கூறிய போஸ்ட்கிறெஸ் கைந்நூல் ஏற்றத்தின் பின் இம்மதிப்பீட்டைப் புதுக்குமாறு விதிப்பது இதனாலேயே.

தரவு நன்கு ஏறியும் சேவை வீழக்கூடும் என்பதற்குப் பிரித்தானியாவின் ரி.எஸ்.பி. வங்கி தக்க சான்று. லொயிட்ஸ் வங்கியினின்று பிரிந்த அது, பிரிந்த பின்னரும் லொயிட்சின் கணினிகளையே வாடகைக்குப் பயன்படுத்தி வந்தது. 2015 இல் அதனை வாங்கிய ஸ்பானிய வங்கியாகிய சபாடெல், தன் தொழில்நுட்பத்திற் புதிய தளம் ஒன்றை அமைத்தது. 2018 ஏப்பிரல் மாதத்து வாரவிறுதி ஒன்றில் 52 இலட்சம் வாடிக்கையாளர்களின் தரவு அங்கே மாற்றப்பட்டது. தரவு வெற்றியுடனேயே சென்றடைந்தது எனப் பின்னர் ஆராய்ந்த ஒழுங்குபடுத்தும் அதிகாரிகளே கூறினர். ஆயின் வாயில் திறந்தவுடன் தளம் தடுமாறிற்று. பலர் தம் கணக்கினுட் புகமுடியவில்லை. கிளைகள் அனைத்தும் பாதிக்கப்பட்டன. வங்கி வழமைக்குத் திரும்ப அவ்வாண்டு டிசெம்பர் வரை சென்றது. வாடிக்கையாளர்க்கு 32.7 மில்லியன் பவுண் ஈடாக வழங்கப்பட்டது. 2022 டிசெம்பரில் 48.65 மில்லியன் பவுண் தண்டமும் விதிக்கப்பட்டது. 2019 இல் வெளிவந்த சட்டத்தரணிகளின் விசாரணை அறிக்கை, இரு தரவு மையங்கள் இருந்தும் சுமைதாங்கும் சோதனை ஒன்றில் மட்டுமே நடந்ததை எடுத்துக்காட்டியது. களஞ்சியத்தை நிரப்புவோர் தம் வெற்றியைப் பதிவுகளின் எண்ணிக்கையால் அளந்தனர். நிரம்பிய களஞ்சியத்தின் முன் திங்கட்கிழமை எத்தனைபேர் வந்து நிற்பர் என்பதே அளக்கப்பட வேண்டியதாயிருந்தது.

மறுதலையான நிகழ்ச்சியும் அந்நாட்டிலேயே உண்டு. 2012 யூன் மாதத்தில் றோயல் பாங்க் ஒவ் ஸ்கொட்லாந்துக் குழுமத்தில், இரவுதோறும் கணக்குகளை மொத்தமாகத் திருத்தும் பணிகளை வரிசைப்படுத்தும் மென்பொருள் புதுக்கப்பட்டது. அதிற் கோளாறு காணப்படவே, பின்விளைவைச் சோதியாது பழையதற்குத் திரும்பினர். புதியதும் பழையதும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. கருமபீடங்களும் இயந்திரங்களும் திறந்தேயிருந்தன. அவை காட்டிய இருப்புத்தான் உண்மையன்று. பிரித்தானியாவில் 65 இலட்சத்திற்கு மேற்பட்ட வாடிக்கையாளர் வாரக்கணக்கில் இடருற்றனர். 2014 இல் விதிக்கப்பட்ட தண்டம் 56 மில்லியன் பவுண். முன்னதில் தரவு வந்தது, சேவை வீழ்ந்தது. பின்னதில் சேவை நின்றது, தரவு வரவில்லை.

இவ்விடரெல்லாம் இரவுநேர மொத்தப் பணிகளால் வருவன, ஒவ்வொன்றையும் நிகழுந்தோறும் அனுப்பினால் மொத்தம் என்பதே இராதன்றோ என இளைய பொறியியலாளர் வினவுகின்றனர். பெரும்பகுதியில் அவர் கூறுவது சரியே. நாள்முழுதும் ஓடும் அருவி ஒருநாட் பெருவெள்ளத்தினும் ஆள்வதற்கு எளிது. ஆயினும் புதிய தாபனம் ஒன்று இணையும் நாளில் வருவது அருவியன்று. மேலும், சில கருமங்கள் இயல்பாகவே மொத்தமானவை. பிரித்தானியாவிற் செக்கன்களிற் பணம் சென்றடையும் கொடுப்பனவு முறை 2008 இல் தொடங்கிற்று. அதற்கு நாற்பதாண்டு முன்னர், 1968 இல், தொடங்கிய பக்ஸ் முறையோ கோப்புக்களை முதனாட் பெற்று, இரண்டாம் நாட் பகுத்து, மூன்றாம் நாட் கணக்கில் ஏற்றுவது. விரைவுமுறை வந்து இத்தனை ஆண்டுகள் கழிந்தும் அந்நாட்டு ஊழியரிற் பெரும்பாலாரின் சம்பளம் பக்ஸ் வழியாகவே செல்கின்றது. சம்பளநாள் எதுவென முன்பே அறிந்த முதலாளிக்கு மூன்று நாள் ஒரு பொருட்டன்று. கோப்பை அனுப்பி, பிழைப்பட்டியலைப் பெற்று, திருத்தி மறுபடி அனுப்ப அவகாசம் இருத்தலே அவர் வேண்டுவது.